கிருஷ்ணமணி நோக்கியோ?

நர்ஸ் என்றால் ஊசிக்குத்தான் பயப்படுவார்கள். திருவிதாங்கூர்த் தமிழர்கள் தமிழ்நாட்டோடு சேரக் கேட்ட எல்லைக் கிளர்ச்சி வருஷங்களில் பாறசாலைப் பக்கத்தில் என் டார்ச்சுக்கே பயந்தார்கள். தலையில் லத்தியடி பட்டு வருகிறவர்களின் கண்ணில் மணிக்கொரு தரம் வெளிச்சம் அடித்து, பாப்பா சுருங்குகிறதா, இரண்டும் ஒரே அளவா என்று சார்ட்டில் எழுத வேண்டும். டார்ச் பிடித்துக் கை கடுத்த சகோதரிகளே, உங்களுக்குத்தான் இது புரியும்.

யாரைத் தேடுகிறோம்?

ஒரு மத்தியானம் ஞானம்மாள் என்பவள் தன் வீட்டுக்காரரை மாட்டுவண்டியில் கொண்டுவந்தாள். ஊர்வலத்தில் தலையில் அடிபட்டு மயங்கிக் கிடந்தார். பேர் செல்லையன் என்றாள். கிளர்ச்சிக்காரர்களைப் பிடிக்க வார்டு வாசலிலேயே ஒரு கான்ஸ்டபிள் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் ஹெட் நர்ஸ் கோட்டயத்துக்காரி. வந்ததும் என்னிடம், "கிருஷ்ணமணி நோக்கியோ?" என்றார். மலையாளத்தில் கிருஷ்ணமணி என்றால் கண் பாப்பா; அதைப் பார்த்தாயா என்று கேட்கிறார். ஞானம்மாளுக்கும் மலையாளம் தெரியும். பயத்தில் அது ஆள் பேராகக் காதில் விழுந்துவிட்டது. "இஞ்ச கிருஷ்ணமணின்னு ஆருமில்ல அக்கா. இவிய பேரு செல்லையன் ஆக்கும்."

ஒரு பாப்பா மட்டும்

டார்ச் அடித்தேன். வலது பாப்பா சட்டென்று சுருங்கியது. இடது விரிந்தபடியே நின்றது. மண்டைக்குள் ரத்தம் கட்டினால் இப்படித்தான் ஆகும். "இந்தக் கண்ணில் முன்னால் அடி ஏதும் பட்டதுண்டா?" என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றாள். "செல்லையன்" என்று காதருகே கூப்பிட்டேன். அசைவில்லை. அதையும் எழுதினேன்.

சார்ட்டைப் பார்த்த டாக்டர், உடனே திருவனந்தபுரம் போக வேண்டும், மண்டையைத் துளைத்தால்தான் பிழைப்பார் என்று சொல்லிவிட்டு வண்டி சொல்லப் போனார். ஞானம்மாள் என் கையைப் பிடித்தாள். "அக்கா, ஒண்ணுமில்லாத மண்டையைத் துளைச்சா என்ன ஆவும்?"

கூப்பிட்ட பேர்

"செத்தும் போகலாம்" என்றேன் எரிச்சலில். அவள் வாசலில் இருந்த கான்ஸ்டபிளைப் பார்த்தாள். பிறகு, கட்டின நாள் முதல் புருஷன் பேரை வாயால் சொல்லாதவள், குனிந்து சத்தமாக, "தேவதாசு! தேவதாசு!" என்று கூப்பிட்டாள். அவர் மெல்லக் கண் திறந்து தண்ணீர் கேட்டார்.

அப்புறம் எல்லாம் வெளியே வந்தது. சின்ன வயதில் பனைமட்டை அடித்த கண் அது. அன்றிலிருந்து பாப்பா சுருங்காது. இடது கண் கேடான தேவதாசைத்தான் போலீஸ் தேடுகிறது. செல்லையன் அவளுடைய தம்பி பேராம். அவளை அறையலாம் போல இருந்தது. கூடவே எனக்கு அழுகையும் வந்தது. ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். அவரே வந்து பார்த்துவிட்டு, வண்டி வேண்டாம், இங்கேயே கவனிக்கலாம் என்றார்.

ஞானம்மாள் சொன்னது அத்தனையும் கான்ஸ்டபிள் காதில் விழுந்திருந்தது. அவர் நெய்யாற்றின்கரைக்காரர். தினமும் என்னோடு ஊர்க்கதை பேசுவதெல்லாம் தமிழில்தான். இனி தேவதாசை இழுத்துக்கொண்டு போவார் என்று நினைத்து அவர் முன்னால் போய் நின்றேன். அவர் நோட்டுப் புத்தகத்தை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்தார். "எனக்குத் தமிழு தெரியாது, கேட்டியளா சிஸ்டர்."

பாப்பாவின் அளவை எழுத சார்ட்டில் கட்டம் உண்டு. கூட வந்தவர்கள் சொல்லும் பொய்யை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று மட்டும் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.