கிள்ளானிலிருந்து குடிபாலாவுக்கு: நான் யார் என்று கேட்கப் போன கதை

அப்பாவின் பழைய பெட்டியில் கிடைத்த கரையான் தின்ற காகிதத்தில், கொள்ளுத்தாத்தாவின் ஊர் 'குடிபாலா, சித்தூர்' என்று இருந்தது. பெயர் இருந்த பக்கத்தைக் கரையான் முடித்துவிட்டது. மலேசியாவில் படிவத்துக்குப் படிவம் 'இனம்: இந்தியர்' என்று எழுதியே எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிவிட்டது. அந்த ஊரில் ஒரே ஒருவர் "நம்ம ஆளு" என்று சொன்னால் போதும் என்று போன ஜனவரியில் கிளம்பினேன். "அங்க உங்கள யாரும் தேடல" என்றாள் மனைவி. அவள் வாயில் எப்போதும் சர்க்கரைதான்.

காலை 9.20க்குத் திருப்பதி. ஆட்டோக்காரர் என் அரைக்கால் சட்டையைப் பார்த்து இந்தியில் ஆரம்பித்தார். தமிழில் பதில் சொன்னேன்.

"சென்னையாண்ணா?"

"மலேசியா."

"சும்மா சொல்லாதீங்கண்ணா. மலேசியாக்காரங்க சீனாக்காரங்க மாதிரில்ல இருப்பாங்க?"

பாஸ்போர்ட்டைக் காட்டினேன். சிக்னலில் புரட்டிப் பார்த்தும் நம்பவில்லை, பாவி மனுஷன்!

அங்கிருந்து பேருந்தில் சித்தூர் எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், 125 ரூபாய். நடத்துநர் தெலுங்கில் ஏதோ கேட்க, நான் திருதிருவென்று விழித்தேன். "அரவம்" என்று பக்கத்து இருக்கைக்கு அறிவித்துவிட்டு நகர்ந்தார். தமிழர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்களாம். மதியத்துக்குள் இந்திக்காரன், போலி மலேசியன், அரவம் என்று மூன்று ஆளாகிவிட்டேன்.

சித்தூரில் வேலூர் பேருந்து ஏறினால் அரை மணியில் குடிபாலா. சாலையோர டிபன் கடை செல்வியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"பேர் தெரியாம யாரைன்னு தேடறது? மொதல்ல துன்னு" என்று இட்லி வைத்தார்.

"நீங்க தமிழாம்மா?"

"திருப்பதில தமிழுன்றாங்க, வேலூர் போனா தெலுங்குன்றாங்க. உன்னை அங்க இன்னான்றாங்க?"

"இந்தியன்."

கரண்டியோடு நின்றுவிட்டார். "அட கடவுளே! நாங்க இங்கியே குந்திக்கினு கீறோம், எங்கள ஒருத்தனும் அப்படிச் சொன்னதில்ல. அதுக்குக் கப்பல் ஏறணுமா?"

எனக்குப் புரையேறிவிட்டது. அப்போது பால்காரர் உள்ளே வந்து, என்னைக் காட்டி யார் என்பதுபோல் தெலுங்கில் ஏதோ கேட்டார். செல்வியம்மா சட்னி ஊற்றிக்கொண்டே, "மன ஊரோடே" என்றார்.

"அப்டின்னா?" என்று பால்காரரிடம் கேட்டேன்.

"நம்ம ஊர்க்காரன்னு சொல்றாங்க."

இவ்வளவு தூரம் தேடி வந்த வார்த்தை எனக்குத் தெரியாத மொழியில் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். காரச் சட்னி என்று சமாளித்தேன்.

போகிறவர்களுக்கு: முழுக்கால் சட்டை போடுங்கள். கடைசி வேலூர் பேருந்து எப்போது என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் யார் என்று யாராவது கேட்டால் அவசரப்பட்டு வாயைத் திறக்காதீர்கள், செல்வியம்மா சொல்வார்.