ஹெட் போல்ட்டைத் திரும்ப இறுக்க வரச் சொன்னேன்

எஞ்சினைப் பிரித்துக் கட்டிக் கொடுப்பது ஒரு வேலை என்றால், அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது வண்டிக்காரரைத் திரும்ப வரவைப்பது அதைவிடப் பெரிய வேலை. பெங்கெல், அதாவது வண்டிப் பட்டறை, வைத்திருப்பவர்கள் இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள். பழைய எஞ்சினுக்குப் புது கேஸ்கெட் தகடு போட்டுத் தலைப்பகுதியான ஹெட்டை மூடிய பிறகு, ஓடி ஓடிச் சூடாகி ஆறியதில் கேஸ்கெட் அமுங்கும், போல்ட்டுகள் தளரும். ஒருமுறை திரும்ப இறுக்கியே ஆக வேண்டும். அதுவும் எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது.

பள்ளிக்கூட வேன்

சரோஜா அக்கா ஈப்போவில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். போல்ட்டை இறுக்க வரச் சொன்னால், பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக வருவார். எஞ்சின் கொதித்துக் கிடக்கும். "வேனை விட்டுட்டுப் போங்கக்கா, ஆறட்டும்" என்பேன். "மத்தியானப் பிள்ளைங்கள யாரு ஏத்துறது?" என்று கிளம்பிவிடுவார். அத்தனை பிள்ளைகளோடு அது வழியில் நின்றால்? எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரெஞ்சை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன்.

நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒவ்வொன்றாக இறுக்கினேன். சில போல்ட்டுகள் நன்றாகவே தளர்ந்திருந்தன. மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்தேன். அக்கா காப்பி டம்ளரோடு நின்று காது கொடுத்துக் கேட்டார்.

"முன்ன மாதிரியேதான் ஓடுது. அப்ப நீ என்னதான் தம்பி செஞ்ச?"

மீன் லோரி

ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஈப்போ மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றி வரும் குமார், நான் போன் போடும்போதெல்லாம் "அடுத்த வாரம் வாரேன்ணே" என்பான். ஒருநாள் அவனே கூப்பிட்டான். ரோட்டோரத்தில் லோரி வெள்ளைப் புகை விட்டு நின்றுவிட்டது. தெரிந்தவர் ஒருவரை அவர் லோரியோடு கூட்டிக்கொண்டு ஓடினேன். ஐஸ் கரைவதற்குள் பெட்டிகளை மாற்றி அனுப்பினோம், மீன் தப்பியது. கேஸ்கெட் தப்பவில்லை, ஹெட்டும் கோணிவிட்டது. போதாததற்கு, ரேடியேட்டர் காய்ந்துவிட்டதென்று மீன்பெட்டித் தண்ணீரைப் பிடித்து ஊற்றியிருக்கிறான். பெங்கெலுக்கு இழுத்து வந்து ரேடியேட்டரைத் திறந்தபோது பெங்கெல் முழுக்கக் கவிச்சி.

திட்டத்தான் நினைத்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"போல்ட்டு லூசாச்சுன்னா வண்டி சத்தம் போடும்னு நெனச்சேன்ணே. ஒரு சத்தமும் போடலையேலா!"

ஆறும் வரைக்கும்

பத்து காஜாவிலிருந்து ஜோசப் அண்ணன் மட்டும் சொன்ன நாளில் வந்தார், மனைவியோடு. அவரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும் பழைய கார். எஞ்சின் ஆற மத்தியானம் ஆகும் என்றேன். "இருக்கோம்" என்றார். இருவரும் கொண்டுவந்த சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, காற்றாடிக்குக் கீழே பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள்.

வேலையை முடித்துக் கையைத் துடைத்தபடி, "வண்டி நல்லா ஓடுதுன்னா யாருமே திரும்பி வர்றதில்லக்கா, நீங்கதான் வந்திருக்கீங்க" என்றேன். அந்த அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"மெஷின்ல போட்டு எடுத்தா எனக்கும் நல்லாத்தான் இருக்கும் தம்பி. நல்லா இருக்குன்னு அடுத்த தடவ போகாம இருக்க முடியுமா?"

ஹெட் போல்ட்டை இறுக்க ரெஞ்ச் இருக்கிறது. ஆளை வரவைக்க இன்னும் ஒரு சாமானும் கடைக்கு வரவில்லை.