பதினேழு ரிவெர்ப் தாங்கிய கம்ப்யூட்டர்

என் கூட்டாளி பி-ஃபோர் கம்ப்யூட்டர் வாங்கிய அன்று நான் மூன்று இட்லியோடு எழுந்துவிட்டேன். எனக்கு வழக்கமாக எட்டு. "உடம்புக்கு என்னடா பண்ணுது?" என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் எல்லாம் இல்லை, பொறாமை. அதை இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்வது?

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. நாங்கள் இருவரும் ஒரே பாட்டுக் கச்சேரிக் குழுவில் இருந்தோம். நான் கீபோர்டு, அவன் ரிதம் பேடு. மேலூர்ப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் ஒரே வேனில் போய், ஒரே பொட்டலத்துப் பரோட்டாவைப் பிய்த்துத் தின்றவர்கள். கச்சேரிகள் குறைய ஆரம்பித்ததும் இருவரும் கம்ப்யூட்டரில் பாட்டு செய்யும் வேலைக்கு மாறினோம். ஒரே சிடியிலிருந்து நகலெடுத்த ஒரே சாஃப்ட்வேர். கம்ப்யூட்டர் மட்டும்தான் வேறு.

என்னுடையது பி-த்ரீ, அதற்கு முந்தைய ரகம். பெட்டி ஓரிடம், போர்டு ஓரிடம், மெமரி இன்னொருவர் கழற்றிப் போட்டது என்று சேர்த்துச் சேர்த்துப் பூட்டியது. பக்கத்து மூடியை நான் மூடியதே இல்லை. சூடு தாங்காது. டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்குள் திருப்பி வைத்துவிட்டு நான் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவனுடையது ஒரே நாளில் அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கியது. கறுப்புப் பெட்டி, முன்னால் ஒரு நீல விளக்கு. அந்த நீல விளக்கை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும். மியூசிக்குக்கும் விளக்குக்கும் என்னய்யா சம்பந்தம்?

வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் அவன் வீடு. சௌராஷ்டிரக் குடும்பம், அப்பாவுக்குச் சேலை வியாபாரம். மாடி அறைக்கு ஏ.சி. போட்டு, சுவரில் ஸ்பாஞ்ச் ஒட்டிக் கொடுத்திருந்தார். நான் போகும்போதெல்லாம் அவன் அம்மா அவர்கள் பாஷையில் அவனிடம் ஏதோ சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். 'இவன் டப்பா இன்னும் ஓடுதா' என்று கேட்கிறார் என நானே அர்த்தம் பண்ணிக்கொள்வேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார் என்பது தட்டு வந்த பிறகுதான் தெரியும். ஒவ்வொரு முறையும் இதே கதை. ஒவ்வொரு முறையும் நான் திருந்தவில்லை.

அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று இருந்தது. இரண்டு கேசட்டுகளில் அவன் பெயர் வந்துவிட்டது. உறையின் பின்பக்கம் 'இசை' என்று போட்டு அவன் பெயர், தபால்தலை அளவுக்கு ஒரு போட்டோ. எங்கள் தெரு டீக்கடைக்காரர் அதைப் பாட்டுப் பெட்டி மேல் நிமிர்த்தி வைத்திருந்தார். டீ குடிக்கும்போது அவன் என்னையே பார்த்துக்கொண்டிருப்பான். நான் கடையை மாற்றினேன்.

எனக்கென்று ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. மிஷின் அவனிடம், காது என்னிடம். குழுவில் எல்லோரும் சொல்வார்கள், "கீபோர்டு தம்பிக்குக் காது சுத்தம்" என்று. ஒரு கம்பி இம்மி விலகினாலும் நான் திரும்பிப் பார்த்துவிடுவேன். அதை மட்டும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அப்போதுதான் பாய் வந்தார். டவுனுக்குள் கேசட் கடை வைத்திருந்தவர். எல்லாச் சாமிக்கும் பாட்டு போடுவார். ஆடி மாதத்துக்கு மாரியம்மன் பாட்டு எட்டு வேண்டும் என்றார். எங்கள் இருவரில் யாருக்குக் கொடுப்பது என்று அவருக்குக் குழப்பம். "எனக்கு ராகம் தாளமெல்லாம் தெரியாது தம்பி. எந்த மிஷின் நல்லாத் தாங்குதோ அங்கிட்டு குடுத்துர்றேன். இன்ஷா அல்லா, பாட்டு கணீர்னு இருக்கணும், அம்புட்டுத்தான்" என்றார்.

மிஷின் தாங்குவதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு கணக்கு உண்டு. மதுரையில் பாட்டு செய்கிற யார் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினாலும், எல்லோரும் பேசி வைத்த அதே பாட்டைத் திறப்போம். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு ரிவெர்ப் போட்டுக்கொண்டே போவோம். ரிவெர்ப் என்றால், கல் மண்டபத்துக்குள் பாடுவதுபோல் சத்தத்தை முழங்க வைக்கும் சமாச்சாரம். மேடையில் அதற்குப் பெயர் எக்கோ. ஒவ்வொன்றும் கம்ப்யூட்டரின் உயிரை வாங்கும். எத்தனையாவதில் பாட்டு கடுகு வெடிப்பதுபோல் பொரிய ஆரம்பிக்கிறதோ, அதற்கு முந்தைய எண்தான் அந்த மிஷினின் மார்க்கு. இதில் ஒரு விதியும் உண்டு. பஃபர் எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும். சத்தத்தை எவ்வளவு சேர்த்து வைத்துக்கொண்டு வெளியே விடுவது என்பதற்கான அளவு அது. அதை ஏற்றி வைத்தால் கிழட்டு மிஷின்கூட மூச்சு வாங்காமல் ஓடும். ஆனால் சத்தம் பிந்தி வரும்.

முதலில் அவன் வீட்டில் சோதனை. பாய் வாய்விட்டு எண்ணினார். பி-ஃபோர் பதினான்கு தாங்கி, பதினைந்தில் பொரிந்தது. "மாஷா அல்லா" என்றார். எனக்குத் தெரியும், என் மிஷின் பதினொன்றைத் தாண்டாது. நான் தனியாக எத்தனையோ தடவை போட்டுப் பார்த்தவன்.

மறுநாள் காலையில் அவர்கள் செல்லூருக்கு என் வீட்டுக்கு வருவதற்கு முன், நான் பஃபரை ஏற்றி வைத்தேன். கடைசி வரைக்கும் ஏற்றவில்லை, மாட்டிக்கொள்வோம் என்ற பயம். முக்கால்வாசி. பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். அந்த நீல விளக்கைத்தான் நினைத்துக்கொண்டேன்.

வந்தார்கள். நான் பிளேயை அமுக்கினேன். பாய் எண்ணினார். பதினொன்று, பன்னிரண்டு, பதினான்கு. என் கூட்டாளி திரையைப் பார்க்காமல் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினேழு வரை போய், பதினெட்டில்தான் பொரிந்தது.

"அட, டப்பா மாதிரி இருந்துக்கிட்டு இம்புட்டுத் தாங்குதே!" என்று பாய் மூடியில்லாத பெட்டியைத் தட்டிக்கொடுத்தார்.

என் கூட்டாளி பாய் பக்கம் திரும்பினான். "ஆமா பாய், நல்லா இருக்கு. இங்கயே குடுங்க" என்றான். என் தோளைத் தட்டிவிட்டு, "வாரேன் மாப்ள" என்று கிளம்பினான். படி இறங்கும்போதும் முகம் வாடவில்லை. தோற்றவன் கொஞ்சமாவது வாட வேண்டாமா? ஜெயித்த சந்தோஷத்தைக்கூட எனக்கு முழுசாகக் கொடுக்கவில்லை அந்தப் பயல்.

பாய் அதோடு விடவில்லை. "பதினேழு தாங்குதுல்ல, பதினேழையும் போடு தம்பி. எதுக்கு மிச்சம் வைக்கிற?" என்றார். உடுக்கைக்கு ஒன்று, பம்பைக்கு ஒன்று, நாதஸ்வரத்துக்கு ஒன்று, சிலம்புச் சத்தத்துக்குக்கூட ஒன்று என்று முதல் பாட்டை அடுக்கினேன். பஃபரை இறக்க முடியவில்லை. இறக்கினால் பொரியும். பாட ஆள் வருகிறபோது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

செல்லூரில் பாட்டு பதிவு செய்வதற்கு நேரம் என்பது ஒன்றுதான். எங்கள் சந்தில் மூன்று தறிக்கூடங்கள். காலையில் ஆரம்பிக்கும் சத்தம் பேச்சையே விழுங்கிவிடும். மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு நிறுத்துவார்கள், இரண்டு மணிக்கு மறுபடி ஓட்டுவார்கள். நடுவில் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் என் ஸ்டுடியோ. சுவரெல்லாம் ஜமுக்காளம் தொங்கும். கதவை மூடினால் உள்ளே வெந்துபோவோம்.

பாட வந்த அக்கா ஒத்தக்கடையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். இருபது வருடம் மேடையில் பாடியவர். பாயும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பார்த்துவிட்டுப் போகலாம் என்று என் கூட்டாளியும் வந்தான். அவனை நான் கூப்பிடவே இல்லை. பாய் கூப்பிட்டிருந்தார்.

ஒரு மணி. தறிகள் நின்றன. அக்கா ஹெட்ஃபோனை மாட்டினார். மேடையில் பாடிப் பழகியவர்களுக்குக் காதில் தன் குரல் எக்கோவோடு கேட்டால்தான் பாட வரும். அதனால் அவர் குரல் மைக்கிலிருந்து கம்ப்யூட்டருக்குள் போய், எக்கோ ஏறி, ஹெட்ஃபோனுக்குத் திரும்பி வர வேண்டும். அக்கா "தாயே" என்று எடுத்தார். நிறுத்தினார். மறுபடி எடுத்தார். மறுபடி நிறுத்தினார்.

"தம்பி, எங்குரலு எனக்குப் பின்னாடியே வருதுப்பா. யாரோ என்னையப் பளிப்புக் காட்டுற மாதிரி இருக்கு."

வேறென்ன, பஃபர்தான். பஃபரை இறக்கினேன். பதினேழு ரிவெர்ப்பும் சேர்ந்து கடுகாக வெடித்தன. அக்கா ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறியாத குறை. ஏற்றினேன், குரல் பிந்தியது. இறக்கினேன், வெடித்தது. பாய் கடிகாரத்தைப் பார்த்தார். "என்னா தம்பி, பதினேழு தாங்குச்சுல்ல? இன்னைக்கு என்னாச்சு?" என்றார். வோல்டேஜ் என்றேன். சூடு என்றேன். ஃபேனைத் திருப்பினேன். மணி ஒன்றரை. முதல் முறையாக என் பெயர் அச்சாகப்போகிற உறை என் கண்ணெதிரே கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

என் கூட்டாளி எழுந்து வந்து என் பக்கத்தில் குனிந்தான். பஃபர் அளவு திரையில் திறந்தபடியே இருந்தது. அதைப் பார்த்தான். போச்சு, மானம் கப்பலேறியது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவன் பாய்க்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னான்:

"மிஷின்ல ஒண்ணுமில்ல பாய். வாத்தியம் ரொம்ப ஜாஸ்தி, எந்த மிஷினா இருந்தாலும் திணறும். அஞ்சு நிமிஷம் உக்காருங்க."

பிறகு என்னிடம் மெதுவாக, "எல்லா வாத்தியத்தையும் எக்கோவோட சேத்து ஒரே ஃபைலா இறக்கிரு மாப்ள. அதை மட்டும் ஓட விட்டு, பஃபரைக் கொறச்சுக்க. அக்காவுக்கு ஒரு எக்கோ போதும்ல. வெரசா" என்றான். இது எனக்குத் தெரியாத வித்தையா? அந்த நேரத்தில் என் புத்தி புல் மேயப் போயிருந்தது. அவன் அதைச் சொன்னதைவிட, பதறாமல் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஃபைல் இறங்கி முடிக்க ஒன்பது நிமிடம் ஆனது. அக்கா பாடினார். அப்படிப் பாடினார், பாய் இருந்த இடத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். கடைசிச் சரணம் முடிந்து, சிலம்புச் சத்தம் தேய்ந்து அடங்கவும் முதல் தறி டடக்கென்று கிளம்பவும் சரியாக இருந்தது. "மிச்சம் ஏழும் இங்கதான்" என்று பாய் சொல்லிவிட்டு, அக்காவைப் பஸ் ஏற்றிவிடக் கிளம்பினார்.

நாங்கள் இருவரும் மட்டும் இருந்தோம். தறிச் சத்தத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் பேச வேண்டும். அவன் கேட்பதற்கு முன் நானே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

"பஃபரைப் பாத்தேல்ல?"

"இன்னைக்கா? அன்னைக்கே தெரியும் மாப்ள."

"அன்னைக்கு உன் முன்னாடி நான் அதைத் திறக்கவே இல்லையே. எப்படித் தெரியும்?"

அவன் சிரித்தான். அதில் குத்தல் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். இல்லை.

"நீ பிளேயை அமுக்குனதுக்கும் சத்தம் வந்ததுக்கும் நடுவுல இம்புட்டுக்காணு இடைவெளி இருந்துச்சுல்ல." கட்டைவிரல் நகத்தையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டினாற்போல வைத்துக் காட்டினான். "மொத தட்டுலயே பிந்தி விழுந்துச்சு. ஏத்தி வச்சிருக்கேனு புரிஞ்சுச்சு."

"அப்ப ஏன்டா பாய்ட்ட சொல்லல?"

"எனக்கு ரெண்டு கேசட் வந்துருச்சு மாப்ள. உனக்கு வரலேல்ல." சட்டை நுனியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "ஆனா நானே யோசிச்சேன். நீ எப்படி அப்படியே விட்ட? உங்காதுக்கு அது உறுத்தியிருக்குமே. உனக்குக் கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சு" என்றேன்.

எனக்குக் கேட்கவே இல்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, அவன் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பஃபரை மறுபடி முக்காலுக்கு ஏற்றி, பிளேயை அமுக்கி அமுக்கிப் பார்த்தபோதும் கேட்கவில்லை.