அக்காவுக்குக் கேட்காத கரகரப்பு

ஆஸ்பத்திரியின் காது, மூக்கு, தொண்டை வாட்டுக்கு நான் தாதியாக மாற்றலாகி வந்த கொஞ்ச நாளில், எங்கள் டொக்டர் ஒரு பெரிய கொப்பியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். வாயிலும் தொண்டையிலும் கழுத்திலும் புற்றுநோய் என்று வருகிறவர்களை இனி அதில் எழுத வேண்டும். வயது, ஊர், தொழில், வெற்றிலை, புகையிலை, பீடி, சாராயம், நோய் எந்த இடத்தில், எத்தனை மாதமாக.

"எங்கட பகுதியில ஆருக்கு, எங்க, ஏன் வருகுதெண்டு நாங்களே எழுதி வச்சாத்தான் தெரியும், மிஸ்," என்றார்.

எழுத எழுத எனக்கே சில விஷயங்கள் பிடிபட்டன. வயல் வேலைக்குப் போகிற பெண்கள் பலருக்குக் கன்னத்தின் உட்புறத்தில் வந்திருந்தது. "வெத்திலைய எந்தப் பக்கம் அடக்குவீங்க?" என்று கேட்டால், வாய் திறப்பதற்கு முன்பே கை ஒரு கன்னத்துக்குப் போகும். பெரும்பாலும் அதே கன்னத்தில்தான் புண் இருக்கும். பீடி இழுத்த ஆண்களுக்குத் தொண்டையில். ஆண் பெண் எல்லோரிடமும் ஒன்று பொதுவாக இருந்தது: பிந்தி வந்தார்கள். வயல் வெட்டு முடியட்டும், மகளின் கலியாணம் முடியட்டும், நோகவில்லைதானே என்று இருந்துவிட்டு வந்தார்கள்.

அப்படி வந்தவர்தான் வாகரைப் பக்கத்து மீனவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கடலோரக் களப்பில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசி இறால் பிடிப்பவர். அவரையும் அவருடைய மனைவியையும் தன் வான் வண்டியில் ஏற்றிக் கூட்டிவந்தவர் அவரிடம் இறால் வாங்கும் ஓட்டமாவடி வியாபாரி.

"போன்ல இவர்ர குரல எனக்கு மட்டுக்கட்ட ஏலாமப் போச்சு மிஸ்," என்றார் வியாபாரி. "ஆரோ நம்பர் மாறி எடுத்திட்டாங்கண்டு வச்சிட்டன். திரும்ப எடுத்து, 'நான்தான் முதலாளி, இறால் இரிக்கி' எண்டாரு. உடன வான எடுத்திட்டுப் போயிட்டன்."

மீனவர் சிரித்தார். "சளி மிஸி. உப்புக்காத்து," என்றார். மணலில் எதையோ இழுப்பதுபோல இருந்தது குரல்.

எத்தனை மாதமாக இப்படி என்று கேட்டேன். அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற மனைவியிடம் கேட்டேன். அவர் என் கண்ணைப் பார்க்காமல் என் முகக்கவசத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவவுக்குக் காது கேக்காது மிஸி," என்றார் மீனவர். "வாயப் பாத்துத்தான் விளங்குவா."

கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு மறுபடி கேட்டேன். பத்து வயதில் வந்த காய்ச்சலோடு அவருடைய காது போயிருந்தது. பேச்சு இருந்தது; எங்கே நின்றாலும் களப்பின் அக்கரைக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாகப் பேசுவார்.

"எனக்கு அது தெரியாது மிஸி," என்றார் மனைவி.

பிள்ளைகள் இல்லாத வீடு. இரண்டே பேர். நாளெல்லாம் அவர் அவளுடைய முகத்துக்கு நேரே நின்று பேசியிருக்கிறார்; அவளும் ஒரு சொல் விடாமல் விளங்கியிருக்கிறாள். கரகரப்பு மட்டும் உதட்டில் தெரியாது.

பரிசோதனை முடிவு வந்தது. குரல்பெட்டியில் புற்றுநோய். குரல்பெட்டியை முழுதாக எடுத்துவிட்டு, கழுத்தில் துவாரம் வைக்க வேண்டும், அதன் வழியாகத்தான் இனி மூச்சு என்று டொக்டர் சொன்னார். மீனவர் மனைவியின் பக்கம் திரும்பி, டொக்டர் சொன்னதை அப்படியே, மெதுவாக, சத்தமே இல்லாமல் உதட்டால் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள்.

ஒப்பரேசனுக்கு முதல் நாள் பின்னேரம், மருந்து அலுமாரிக்குப் பக்கத்தில் மீனவரின் மனைவி என்னைத் தேடி வந்தார்; வாட்டில் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம்.

"மிஸி, ஒரு சங்கதி. குரல் மாறினா கூட இரிக்கிற ஆக்களுக்குத் தெரியும்தானே?"

நான் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து, கவசத்தை இறக்கி, "ஓம் அக்கா, தெரியும்," என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவர் முகம் போன போக்கைக் கண்டுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது.

"அப்ப எனக்குக் காது கேட்டிருந்தா வேளைக்கு வந்திருப்பம்," என்றார். முதல்தடவையாக அவருடைய குரல் தாழ்ந்திருந்தது. "இறால் வாங்குற மனிசனுக்கு விளங்கியிருக்கு. ஒரே பாயில படுக்கிற எனக்கு விளங்கல்ல."

அவரைக் கதிரையில் இருத்தி, அந்தக் கொப்பியை எடுத்து அவர் மடியில் விரித்து வைத்தேன். ஒவ்வொரு பெயராக விரல் வைத்தேன்.

"இவர் எட்டு மாசம் பிந்தி வந்தவர். ஊட்ட மனிசியும் நாலு பிள்ளைகளும். இவ ஒரு வருசம். இவட மகன் பள்ளிக்கூடத்து சேர். எல்லாருக்கும் காது கேக்கும் அக்கா. கேட்டுக்கிட்டே இருந்தவங்க."

அவர் என் வாயையும் கொப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். வாசிக்கத் தெரியாது, ஆனாலும் கடைசிப் பக்கம்வரை ஒவ்வொரு வரியையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தந்தார்.

ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. நாலாம் நாள் மீனவர் கட்டிலில் எழுந்து இருந்தார். மூக்கில் சாப்பாட்டுக் குழாய், கழுத்தில் துவாரம். குரல் போனவர்களுக்கு இந்த நாட்கள்தான் மிகக் கடினம். எழுதச் சொல்லி ஒரு கொப்பியும் பேனையும் கொடுப்போம். எழுத்துப் பழக்கம் இல்லாதவர்கள் அதை மார்பில் வைத்துக்கொண்டு கண்ணீர் விடுவார்கள். அன்று பார்வை நேரத்துக்கு அக்கா வந்தார். மீனவர் உதட்டை அசைத்தார். உடனே அக்காவின் பதில் வந்தது, வாட்டு முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி.

"ரெண்டு ஆடும் பக்கத்து ஊட்ட கட்டியிரிக்கி! தோணிய ஆரும் எடுக்கல்ல! நீங்க சும்மா இரிங்க!"

ஒரு சத்தமும் இல்லாமல் மீனவர் சிரித்தார். தோள் குலுங்கியது. அவர்கள் வீட்டில் எதுவும் மாறப் போவதில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பக்கத்துக் கட்டிலில் கிரானைச் சேர்ந்த ஒரு விவசாயி இருந்தார். அவருக்கும் அதே ஒப்பரேசன். இரண்டு நாளாக எதையோ கேட்டுக்கொண்டே இருந்தார். தண்ணீர் கேட்கிறார் என்று எங்களுக்கு விளங்கியது. ஆனால் வாயால் குடிக்கக் கூடாது. ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்துவிடுவோம். அவர் கோபத்தோடு பஞ்சைத் தட்டிவிடுவார். அக்கா கட்டிலருகே குனிந்து அவருடைய வாயைப் பார்த்தார்.

"மிஸி, இவர் குடிக்கத் தண்ணி கேக்கல்ல. வயல் வட்டைக்குத் தண்ணி வந்திட்டாண்டு கேக்குறார்."

விவசாயி தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் அவருடைய மகனுக்குப் போன் எடுத்தேன். வாய்க்கால் திறந்து மூன்று நாளாம், வயலெல்லாம் தண்ணீராம். அதைச் சொன்னபிறகு அவர் அன்று இரவு முழுவதும் நன்றாக உறங்கினார்.

அதன் பிறகு அக்காவை வாட்டில் தங்கவைக்க, வாட்டுக்குப் பொறுப்பான பெரிய மிஸ்ஸே அனுமதி வாங்கித் தந்தார். கட்டிலுக்குக் கட்டில் போய், வாயைப் பார்த்து எங்களுக்குச் சொல்வார். ஒரு நோயாளி தன் மனைவியைக் கண்டதும் சொன்ன ஏதோ ஒன்றை மட்டும் எங்களுக்குச் சொல்ல அக்கா மறுத்துவிட்டார். "அது அவங்கட கத மிஸி," என்றார்.

அந்தக் கிழமையே டொக்டரின் கொப்பியில் கடைசி நிரலுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, "முதலில் கவனித்தது யார்" என்று தலைப்பு எழுதினேன். டொக்டர் கண்டார். ஒன்றும் கேட்கவில்லை, அடுத்த நாள் பேனையால் அந்தக் கோட்டை அவரே அழுத்திப் போட்டிருந்தார். இப்போது அதில் மனைவிமார் இருக்கிறார்கள். கழுத்துக் கட்டியைக் கண்ட முடிவெட்டுபவர் இருக்கிறார். குவைத்திலிருந்து வீடியோவில் பார்த்து, "உம்மா, ஏன் வாய முழுசாத் திறக்கிறீங்க இல்ல?" என்று கேட்ட ஒரு மகள் இருக்கிறாள். மீனவரின் வரியில் இறால் வியாபாரி.

மீனவருக்குக் கதிர் சிகிச்சையும் முடிந்து மூன்று வருடம் ஆகிறது. கழுத்துத் துவாரத்துக்குள் தண்ணீர் போனால் ஆபத்து என்று களப்பில் இறங்குவதை டொக்டர் முற்றாகத் தடுத்துவிட்டார். அதைத்தான் அவர் ஏற்றுக்கொள்ள மாட்டார் என்று பயந்தேன். போன மாதம் கிளினிக்குக்கு வந்தபோது கேட்டேன்.

"இப்ப நான்தான் வல வீசுறன்," என்றார் அக்கா. "இவர் கரையில இருந்து கையக் காட்டுவார், அங்க வீசு, இஞ்ச வீசெண்டு. சொல்றது ஒண்டும் சரிவாறல்ல."

மீனவர் உதட்டால் எதையோ வேகமாகச் சொன்னார். அக்கா கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"என்னக்கா?"

"சண்ட வந்தா இப்பிடித்தான். கண்ண மூடினா முடிஞ்சி."

டொக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்து, கமராவை விட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறது, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். வாகரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று இருவரும் புறப்பட்டார்கள். ஜன்னலால் பார்த்தேன். அவர் ஏதோ சொல்லிக்கொண்டே நடந்தார். அவள் ஒரு சொல்லும் தவறக் கூடாதென்று முகத்தை அவர் பக்கம் திருப்பியபடி நடந்தாள். அவர் அவளுடைய முழங்கையைப் பிடித்து, இரண்டு பக்கமும் பார்த்து, அவளை ரோட்டைக் கடக்கவைத்தார்.