வேர்க்குழியைப் பார்த்தவள்

வடமாலபேட்டையிலிருந்து புத்தூர் போகிற வழியில், சாலையை விட்டு உள்ளே ஒதுங்கிய ஒரு சிற்றூரில் காஞ்சனா குடியிருக்கிறாள். வயது முப்பத்தெட்டு. பன்னிரண்டு வருஷம் புத்தூரில் விசைத்தறி ஓட்டியவள். இப்போது பெட்ரோலில் ஓடும் ரம்பத்தை வைத்துக்கொண்டு மரம் அறுக்கிறாள். சுற்றுவட்டாரத்தில் அந்த வேலையைச் செய்கிற முதல் பெண் அவள்தான். அதைப் பற்றி யாராவது வியந்து பேசினால், தறியைவிட இதில் சத்தம் குறைவு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

அந்த மிஷின் முதலில் அவள் புருஷன் சிரஞ்சீவியுடையது. வயதான மாமரங்களின் உச்சிக் கிளைகளைக் கழித்துவிட்டால் புதுத் துளிர் விட்டு நன்றாகக் காய்க்கும் என்று தோப்புக்காரர்கள் அவனைக் கூப்பிடுவார்கள். ஒன்பது வருஷம் அதுதான் அவன் பிழைப்பு. ஒரு ஆடி மாதத்துப் பிற்பகலில், ஒரு கிளையை அறுத்துக்கொண்டிருந்தபோது, இலைகளுக்குப் பின்னால் மறைந்திருந்த வேறொரு கிளையில் ரம்பத்தின் நுனி பட்டது. மிஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் மேல்நோக்கித் துள்ளித் திரும்பி, ஓடிக்கொண்டிருந்த செயினோடு அவன் இடது கையில் இறங்கியது.

திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் இருந்தான். கை பிழைத்தது. ஆனால் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. கனமான எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அவன் முதலில் சொன்னது, அந்த மிஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடு என்பதுதான்.

காஞ்சனா போடவில்லை. தறி ஓட்டியவளுக்கு, ஏன் இப்படி ஆனது என்று பார்க்காமல் ஒரு மிஷினைத் தூக்கிப் போட மனசு வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிரஞ்சீவி கட்டுப் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரத்தில், அதைக் கோணிமேல் வைத்துப் பிரித்தாள். தப்பித் தவறி ஓடிவிடக் கூடாது என்று பிளக்கின் மூடியை முதலில் கழற்றி வைத்தாள். காற்று வடிகட்டியில் மரத்தூள் அடையாக அப்பியிருந்தது. செயின் பற்கள் மழுங்கிப் போயிருந்தன. முன் கைப்பிடிக்கு எதிரே பிரேக் இருந்தது. மிஷின் துள்ளினால் மணிக்கட்டு மோதி, செயினை நொடியில் நிறுத்தவேண்டிய தகடு அது. அந்தத் தகட்டை ஒரு மெல்லிய கம்பியால் பின்னுக்கு இழுத்து, கைப்பிடியோடு சேர்த்து முறுக்கிக் கட்டியிருந்தது.

முறுக்கைப் பிரித்துக் கம்பியைக் கையில் எடுத்தாள். தறியில் நூல் அறுந்தால் தானாக நிற்பதற்கு ஒரு கொக்கி உண்டு. அடிக்கடி நிற்கிறது என்று அதை நூலால் கட்டிவைத்து ஓட்டுகிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். பிறகு பக்கத்து மூடியைக் கழற்றினாள். பிரேக் பட்டையைச் சுற்றி ஆயிலும் மரத்தூளும் சேர்ந்து களிமாதிரி இறுகியிருந்தது. பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து எடுத்துத் துடைத்து மாட்டினாள். தகட்டை முன்னே தள்ளினால் ‘டக்’ என்று பிடித்தது, பின்னே இழுத்தால் விட்டது. ஒரு குறையும் இல்லை.

மூன்று நாள் அவனிடம் எதுவும் பேசவில்லை. தன் கோபம் அடங்கட்டும் என்று இருந்தாள். நாலாம் நாள் கேட்டாள்.

“மாமா, பிரேக்க கம்பி போட்டுக் கட்னது நீதானா?”

சிரஞ்சீவி சுவரைப் பார்த்தபடி சொன்னான். “சும்மா சும்மா பூட்டிக்கினுச்சி மே. ஒரு கிளைக்கு நாலு தபா. வேலயே ஓடல. அதான் கட்னேன்.”

“தூசி அடைச்சிக்கினு இருந்துச்சி. தேச்சி எடுக்க எனக்கு அரை மணி நேரங்கூட ஆவல.”

அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் எழுந்து போயிருப்பான். சொல்லாததால் அங்கேயே உட்கார்ந்து அழுதான். மிஷின்மீது பழி போட்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது, கை வலியைவிட அவனை அதிகம் அரித்திருந்தது.

மிஷினோடு வந்த புத்தகம் பெட்டியடியில் பிரிக்காமலே கிடந்தது. வீட்டில் தமிழ் என்றாலும் காஞ்சனா படித்ததெல்லாம் தெலுங்குப் பள்ளியில். புத்தகத்தின் தெலுங்குப் பக்கங்களைச் சாயங்காலங்களில் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள். முதலில் அவன், இதெல்லாம் எழுதினவன் ஒரு மரமாவது அறுத்திருப்பானா என்று எதிர்வாதம் செய்தான். செயின் சுற்றி ஓடுகிற நீளப் பட்டையின் நுனியில் மேல் கால்பாகம் எதிலும் படக்கூடாது, பட்டால் மிஷின் ஆளை நோக்கித் துள்ளும் என்ற பக்கம் வந்தபோது வாதம் நின்றது. அதை மறுபடி படி என்றான். அவள் மூன்று தடவை படித்தாள்.

நான் ஓட்டுகிறேன் என்று அவள் சொன்னதும் அவன் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு மாசம் அந்தப் பேச்சே வேண்டாம் என்றிருந்தான். கடைசியில் ஒரு நாள் அவனாகவே, ஓட்டுவதானால் வெறுங்காலோடும் முக்காட்டோடும் விடமாட்டேன், வா திருப்பதிக்கு என்று கூட்டிப் போனான்.

பஸ் நிலையத்துக்குப் பின்புறம், பம்புசெட்டும் தோட்டக் கருவிகளும் விற்கிற கடையைத் தோதாத்ரி என்பவர் நடத்துகிறார். நெற்றியில் திருமண், கையில் எப்போதும் கிரீஸ். சிரஞ்சீவியின் கையைப் பார்த்து, என்ன ஆயிற்று என்று கேட்டார். மிஷின் துள்ளிவிட்டது என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வந்தான். அன்று, பிரேக்கைக் கட்டிவைத்து ஓட்டினேன் என்று முதல்முறையாக வெளி ஆளிடம் சொன்னான். தோதாத்ரி திட்டவில்லை. “இதை ஒத்துக்கறவா ரொம்பக் கம்மி. இனிமே உங்க ஆத்துல அந்த மிஷின் பத்திரமா இருக்கும்” என்றார்.

முகமூடி வைத்த ஹெல்மெட், காதடைப்பு, செயின் பட்டால் நார் சிக்கி அதை நிறுத்திவிடும் தடித்த கால்சட்டை, இரும்பு வைத்த பூட்ஸ் எல்லாவற்றையும் அவளுக்கு அளவு பார்த்து எடுத்துக் கொடுத்தார். கொல்லைப்புறத்தில் மிஷினை ஓட்டிக் காட்டச் சொன்னார். காஞ்சனா அதைத் தரையில் வைத்து, பிரேக்கைப் போட்டு, பின் கைப்பிடிக்குள் காலை அழுத்தி, கயிற்றை இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. பிரேக்கை விடுவித்து ஓட்டிக் காட்டினாள். ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் செயின் மெல்ல நகர்ந்துகொண்டிருந்ததைத் தோதாத்ரி கவனித்து, ஒரு திருகைக் குறைத்து நிறுத்தினார். சும்மா நிற்கும்போது செயின் ஓடவே கூடாது, ஓடினால் வேலையைத் தொடாதே என்று அழுத்திச் சொன்னார்.

அதன் பிறகு காஞ்சனாவின் காலைகள் ஒரே ஒழுங்கில் நடந்தன. பெட்ரோலில் இஞ்சினுக்கான டூ-டி ஆயிலை அளந்து கலப்பாள், செயினுக்கு வேறு ஆயில் ஊற்றுவாள். செயினைக் கையால் இழுத்துப் பார்ப்பாள். தொங்கவும் கூடாது, இறுகவும் கூடாது. மிஷின் சூடாக இருக்கும்போது பெட்ரோல் மூடியைத் திறக்க மாட்டாள். பற்களுக்கு அரம் போடுவது சிரஞ்சீவியின் வேலையானது. மர இடுக்கியில் பட்டையைப் பிடித்துவைத்து, நல்ல கையால் அரத்தைத் தள்ளுவான். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை, ஒரே சாய்வு. தூள் மாவாக விழாமல் சீவலாக விழுந்தால் செயின் கூராக இருக்கிறது என்று அர்த்தம். அவன் அரம் போட்ட செயினில் சீவல் சீவலாக விழும்.

தோப்பில் அவள் அறுக்கும்போது அவன் தள்ளி நின்று மரத்தின் உச்சியைப் பார்ப்பான். கழுத்தில் ஒரு விசில். அவன் ஊதினால் அவள் காரணம் கேட்காமல் நிறுத்துவாள். முதல் இரண்டு தோப்புகளில் வேடிக்கை பார்க்க ஆட்கள் வந்தார்கள். மூன்றாவதில் யாரும் வரவில்லை, வேலை மட்டும் வந்தது.

போன வருஷம் மார்கழிக்கு முன்னால் ஒரு புயல் மழை. ஊர் முனையில் நின்ற புளியமரம் வேரோடு சாய்ந்து, புத்தூர் சாலையை அடைத்துக்கொண்டது. ஒரு பக்கம் பால் வண்டி, இன்னொரு பக்கம் பஸ். எல்லா ஊரிலும் மரம் விழுந்திருந்ததால் ஜேசிபி வருவதற்கு மறுநாள் ஆகிவிடும் என்றார்கள். வார்டு மெம்பர் ஸ்ரீஹரி ஆள் அனுப்பி காஞ்சனாவைக் கூப்பிட்டார்.

அவள் வந்ததும் மிஷினை எடுக்கவில்லை. கரண்ட் கம்பி மரத்துக்கு அடியில் கிடந்தது. லைன்மேன் நேரில் வந்து, நிறுத்தியாச்சு என்று சொல்லும்வரை காத்திருந்தாள். அரை மணிக்கு மேல் ஆனது. பிறகு சிரஞ்சீவி சாலையின் இரு பக்கமும் கயிறு கட்டி, எல்லாரையும் பின்னால் தள்ளினான். ஸ்ரீஹரிக்குப் பொறுமை போய்விட்டது. பஸ்ஸில் இருப்பவர்கள் திட்டுகிறார்கள், நடுவில் இரண்டு அறுப்பு போட்டால் தீர்ந்தது, இதற்கு இத்தனை சம்பிரதாயமா என்று கேட்டார்.

காஞ்சனா கிளைகளைக் கழித்தாள். ஒரு மணி நேரத்தில் அடிமரம் மட்டும் மிச்சம். அதன் ஒரு முனையில் வேர்கள் மண்ணோடு பெயர்ந்து, ஆள் உயரத்துக்குச் சுவர்மாதிரி எழும்பி நின்றன. அடிமரத்தை அறுத்ததும், வேர்களைத் தூக்கிப் பிடித்திருக்கும் பாரம் விடுபடும். வேர்ச்சுவர் தன் கனத்தால் பழைய இடத்துக்கே திரும்பி விழலாம் என்று புத்தகத்தில் ஒரு படம் போட்டிருந்தது. அவள் மிஷினை அணைத்துக் கீழே வைத்துவிட்டு, வேர்ச்சுவரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள்.

வேர் பெயர்ந்த குழியில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. அதற்குள் மூன்று பிள்ளைகள் குந்திக்கொண்டு தவளைக் குஞ்சு பிடித்துக்கொண்டிருந்தார்கள். சாலையோரக் கால்வாய் வழியாக, கயிறு கட்டாத பக்கத்திலிருந்து வந்தவர்கள். சாலையில் நின்ற ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

அவள் கத்தவில்லை. கத்தினால் பயந்து வேர்களுக்குள் ஒடுங்கிவிடுவார்கள் என்று பட்டது. “யஸ்வந்து, கைய குடுறா. மேல வா. நீங்களும் வாங்க” என்று ஒவ்வொருவராகத் தூக்கி வெளியே விட்டாள். யஸ்வந்தின் அம்மா சந்திரம்மா ஓடிவந்து பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள். இதற்குள் சிரஞ்சீவி கால்வாய்ப் பக்கமும் கயிறு கட்டிவிட்டான்.

பிறகுதான் அடிமரத்துக்குப் போனாள். இரண்டு முனையும் தாங்கியிருக்க, நடுமரம் தொங்கலாக இருந்தது. முதலில் மேலே கொஞ்சம் அறுத்து, அறுத்த வாய் மூடாமலிருக்க ஆப்பு அடித்து, பக்கவாட்டில் நின்றபடி கீழிருந்து மேலாக அறுத்தாள். கடைசி நார் விட்டதும் வேர்ச்சுவர் ஒரு முறை முனகி, அப்படியே பின்னால் சாய்ந்து, தொப்பென்று குழியில் உட்கார்ந்தது. சேற்றுத் தண்ணீர் நாலா பக்கமும் அடித்தது. வேரோடு ஒட்டியிருந்த அடிக்கட்டை, விழவே விழாததுபோல நிமிர்ந்து நின்றது. குழி இருந்த இடம் தெரியவில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர்கள்கூட அங்கேயே நின்றார்கள். காஞ்சனா பிரேக்கைப் போட்டு மிஷினை அணைத்தாள். சிரஞ்சீவி வந்து பக்கத்தில் நின்றான். அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மிச்சமிருந்த மரத்தைத் துண்டு போட இன்னும் இரண்டு மணி நேரம் பிடித்தது. அவ்வளவு நேரமும் ஸ்ரீஹரி தானே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, எட்டிப் பார்க்க வந்த ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் கழித்துச் சந்திரம்மா வீட்டுக்கு வந்தாள். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துக் காஞ்சனா காபி போட்டாள். சந்திரம்மா காபியைக் குடித்துவிட்டு, மூலையில் இருந்த மிஷினைப் பார்த்தபடி கேட்டாள்.

“எனக்கும் இத்த கத்துக் குடுப்பியாக்கா? உங்கூடவே வந்துட்றேன்.”

காஞ்சனா சிரித்துவிட்டாள். முதலில் தெலுங்கு படிக்கத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றாள் சந்திரம்மா.

இந்த மாசி மாதம் அவர்கள் மூன்று பேரும் பாகாலா பக்கம் ஒரு பெரிய தோப்பில் பட்டுப்போன மரங்களை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மிஷின் இப்போது இரண்டு. போகும் வழியில், செம்மரக் கடத்தலைத் தடுக்க வைத்திருக்கும் செக்போஸ்ட்டில் நிறுத்தி, ரம்பம் எதற்கு, எந்த மரம் என்று கேட்டார்கள். தோப்புக்காரரின் கடிதத்தைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள். அதை வாங்கிப் பார்த்து அனுப்பிய காவலர், சந்திரம்மாவின் ஹெல்மெட்டைப் பார்த்து, என் வீட்டுத் தென்னை ஒன்று சாய்ந்தாற்போல் நிற்கிறது, திரும்பும்போது வந்து பார்ப்பீர்களா என்று கேட்டார். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கிட்டத்தில் கரண்ட் கம்பி இருக்கிறதா என்று சந்திரம்மா அவரைத் திருப்பிக் கேட்டாள்.