கம்ப்யூட்டர் போட்ட டியூட்டி

மும்பையில் எங்கள் காவல் நிலையத்தில் டியூட்டிப் பட்டியலைக் கம்ப்யூட்டர் போடத் தொடங்கிய முதல் வாரமே எனக்கு நாக்காபந்தி விழுந்தது. கொட்டும் மழையில் சாலைத் தடுப்பருகே நின்று வண்டிகளை மறித்துச் சோதிக்கும் வேலை. என்னோடு ஒரே நாளில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்த திலக் நகர்க்காரிக்கோ கிங்ஸ் சர்க்கிளில் பகல் ரோந்து. அடுத்த வாரமும் அதே கதை.

கம்ப்யூட்டர் பயிற்சிக்குப் போய்வந்தவள் அவள். பழைய டியூட்டிப் பதிவேடுகளை ஒரு மாதம் உட்கார்ந்து அதில் ஏற்றியதும் அவள்தான். தனக்கு வேண்டியதைத் தானே போட்டுக்கொள்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். நான் சொட்டச் சொட்ட நனைந்து வரும்போது அவள் இஸ்திரி கலையாத யூனிஃபார்மில் சிரிப்பாள். எனக்கு வயிறு எரியும்.

அதுவரை கையால் டியூட்டி எழுதிவந்த ஹெட் கான்ஸ்டபிள் தாராவியில் எங்கள் அடுத்த தெருக்காரர். அவரிடம் புலம்பினேன்.

"நீ நம்ம ஊர்ப் புள்ளன்னு அந்த மிஷினுக்கு என்னட்டி தெரியும்?" என்றார்.

நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. நேரே இன்ஸ்பெக்டரிடம் போனேன்.

அவர் கோபப்படாமல் திரையை என் பக்கம் திருப்பினார். இரண்டு வருடப் பதிவு. என் பெயருக்கு நேரே நாக்காபந்தி, கணபதி விழா பந்தோபஸ்து எல்லாம் சேர்ந்து நாலே வரிதான். அவள் பெயருக்கு நேரே திரை கீழே ஓடிக்கொண்டே இருந்தது. இதுவரை குறைவாக நின்றவர்களை முதலில் அனுப்பும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லியிருக்கிறோம் என்றார்.

வெளியே வந்தபோது முகம் சுட்டது. அந்த இரண்டு வருடமும் லேசான வேலையெல்லாம் ஏன் எனக்கே வருகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலிருப்பது சௌகரியமாக இருந்தது.

அவள் மாடிப்படியருகே டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, நீதான எல்லாத்தையும் ஏத்துன? அப்பமே தெரியும்லா?"

"தெரியும்."

"பின்ன ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"டியூட்டிய நீயா எழுதின? சோடு யார், விட்டுத் தள்ளு. சாய் குடிக்கறியா?"

அவள் சண்டை போட்டிருந்தால் மனசு ஆறியிருக்கும். எல்லாம் தெரிந்தபிறகும் அந்த ஒரு மாதமும் தன் சாப்பாட்டு டப்பாவிலிருந்து எனக்குப் பாதி கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் நிலையம் முழுக்கச் சொல்லியிருப்பேன். டீயை வாங்கிக் குடித்தேன். முன்னைவிட அதிகமாக அவள்மேல் பொறாமை வந்தது.