ஒரு வாத்தும் விழவில்லை

எங்கள் முன்னறையில் இரண்டு ரீவிகள் இருக்கின்றன. ஒன்று சுவரில் தட்டையாகத் தொங்குகிறது. மற்றது மூலையில் ஒரு கதிரையின் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் பழைய பெட்டி. இதை எப்போது தூக்கி எறியப்போகிறீர்கள் என்று வருடப்பிறப்புக்கு வீடு கழுவும்போதெல்லாம் மனைவி கேட்பாள். வாத்து சுடும் ரீவி விளையாட்டின் துவக்கு, அந்தக் கைத்துப்பாக்கி, தட்டை ரீவியில் வேலை செய்யாது, பெட்டி ரீவியில்தான் குறி பிடிக்கும் என்று நானும் சளைக்காமல் சொல்வேன். பிள்ளைகளின் புதிய விளையாட்டுகளில் கதை தொடங்குவதற்குள்ளேயே பாதி நாள் போய்விடுகிறது. இதில் புல்லுக்குள்ளிருந்து வாத்து எழும்பும், சுட வேண்டும், அவ்வளவுதான். தவறவிட்டால் ஒரு நாய் தலையை நீட்டிச் சிரிக்கும். இத்தனை காலமாகியும் விளையாட்டு அலுக்கவில்லை, அந்த நாய் மீதுள்ள கோபமும் தணியவில்லை.

அந்த விளையாட்டு எங்களிடம் வந்தது யுத்த காலத்தில். யாழ்ப்பாணத்தவர்களான நாங்கள் அப்பாவின் பேராதனை வேலைக்காகக் கண்டிக்குப் பக்கத்தில், சிங்களவர் நடுவே, குண்டசாலையில் வாடகைக்கு இருந்தோம். லண்டனிலிருந்து வந்த பெரியப்பா அந்த ரீவி கேமை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதோடு வந்த துவக்கு பிளாஸ்டிக்தான். ஆனால் கன்னங்கரேலென்று இருந்தது. பின்னால் தொங்கிய வயரைப் பார்க்காதவர்கள் நிஜம் என்றே நினைப்பார்கள். அம்மா அதைக் கண்டாலே யன்னலைச் சாத்துவார்.

“தமிழ் ஆக்களின்ரை வீட்டிலை வைச்சிருக்கிற சாமானே இது?” என்று பெரியப்பா போன பிறகுதான் கேட்டார். எறியவும் மனமில்லை. நான் விளையாடி முடித்ததும் துவக்கை மட்டும் எடுத்துப்போய் அலுமாரியில் தன் கூறைச்சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிடுவார். யார் கண்ணிலும் படாது என்ற நிம்மதி அவருக்கு.

அந்தக் காலத்தில்தான் அம்மாவின் தம்பி வடக்கிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். வெளிநாடு போகக் காத்திருந்தார். வடக்கிலிருந்து வந்து தங்கியிருப்பதைப் பொலிசில் பதிவு செய்திருந்தும் மாமா தெருவுக்கு இறங்குவதில்லை. அவர் வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களைச் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போவார்கள். போனவர்கள் எப்போது வருவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. பெரியவர்கள் இதைக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். எனக்கோ, விளையாட நாள் முழுவதும் ஓர் ஆள் வீட்டில் கிடைத்ததே பெரிய சந்தோஷம்.

ஆனால் மாமா துவக்கைத் தொடமாட்டார். பக்கத்தில் இருந்து பார்ப்பதோடு சரி. ஒரு மத்தியானம் அம்மா கண்ணயர்ந்திருந்தபோது, “ஒருக்கா தா பாப்பம்” என்று வாங்கினார். எழும்பிய வாத்தெல்லாம் விழுந்தது. கையை நீட்டி ஆளைக் காட்டுவது போல அவ்வளவு சாதாரணமாகச் சுட்டார். நாய்க்குச் சிரிக்க வாய்ப்பே கிடைக்கவில்லை. முடிந்ததும் துவக்கை என் மடியில் வைத்து, “அம்மாட்டைச் சொல்லாதை” என்றார். உலகத்திலேயே கெட்டிக்காரர் என் மாமாதான் என்று அன்று முடிவுகட்டினேன்.

சில நாட்களில் பொலிஸ் வந்தது. பள்ளிக்கூட விடுமுறை, காலை நேரம், அப்பா வேலைக்குப் போய்விட்டார். அம்மாவுக்கும் மாமாவுக்கும் சிங்களம் தெரியாது. தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் மனிதரை மொழிபெயர்க்கக் கூட்டி வந்திருந்தார்கள். எல்லோரையும் போல நாங்களும் அவரை நானா என்றே கூப்பிடுவோம். எனக்குத் தெருப் பையன்களோடு கிரிக்கெட் விளையாடிப் பழகிய சிங்களம் இருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை.

அலுமாரியைத் திறக்கச் சொன்னார்கள். கூறைச்சேலைக்கு அடியிலிருந்து துவக்கு வெளியே வந்தது. கதவடியில் நின்ற பொலிஸ்காரர் மாமாவின் கையைப் பிடித்துவிட்டார்.

“விளையாட்டுச் சாமான் எண்டு சொல்லுங்கோ நானா,” என்றார் அம்மா.

நானா சொன்னார். இன்ஸ்பெக்டர் வயரைப் பார்த்தார், எடையைப் பார்த்தார். விளையாட்டுச் சாமானை ஏன் சேலைக்குள் ஒளித்து வைக்கிறீர்கள் என்று கேட்டார். அம்மா கலைந்த கூறைச்சேலையை மடிக்கத் தொடங்கினார். விளையாட்டுத்தான் என்று காட்ட எனக்குத் தெரியும். ஓடிப்போய் ரீவியில் எல்லா வயரையும் பொருத்தினேன். இன்ஸ்பெக்டர் கதிரையில் உட்கார்ந்து, துவக்கை மாமாவிடம் நீட்டி, நீ சுட்டுக் காட்டு என்றார். படத்தை விட்டுவிட்டு அவர் மாமாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா துவக்கை இரண்டு கையாலும், சூடான சட்டியைப் பிடிப்பது போலப் பிடித்தார். ஒரு வாத்தும் விழவில்லை. வாத்து இடப்பக்கம் பறந்தால் மாமா வலப்பக்கம் சுட்டார். நாய் எழும்பிச் சிரித்தது, மறுபடி சிரித்தது. ஒரு பொலிஸ்காரரும் சேர்ந்து சிரித்தார். என்னால் தாங்க முடியவில்லை. என் மாமாவைப் பார்த்து இவர்கள் சிரிப்பதா?

“மாமா பொய்க்குத் தவற விடுறார்,” என்றேன். “அண்டைக்கு ஒண்டும் விடாமல் எல்லாத்தையும் சுட்டவர். அவருக்கு நல்லாச் சுடத் தெரியும்.”

அம்மா வந்து என் தோளைப் பிடித்தார். மாமா துவக்கைத் தாழ்த்தினார். பிள்ளை என்ன சொல்கிறான் என்று இன்ஸ்பெக்டர் நானாவிடம் கேட்டார்.

நானா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு சிரித்தபடி சிங்களத்தில் சொன்னார்: இவருக்கு ஒன்றும் தெரியாது, ஒருநாளும் ஒரு வாத்தைக்கூடச் சுட்டதில்லை, என்னிடம் தாருங்கள் நான் காட்டுகிறேன் என்கிறான், சேர்.

எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அப்படி இல்லை என்று வாயைத் திறந்தேன். அம்மாவின் விரல்கள் என் தோளுக்குள் இறங்கின. “சுடுங்க மகன்,” என்றார் நானா. “சேர் பாத்துக்கொண்டு ஈக்கிறார்.”

சுட்டேன். அழுகையோடு சுட்டும் வாத்துகள் விழுந்தன. இன்ஸ்பெக்டர் என் தலையைத் தட்டிவிட்டு எழுந்தார். ஜீப் போனதும் மாமா கிணற்றடிக்குப் போய் வாந்தி எடுத்தார். அப்பா வேலையால் வந்து, உடுப்பும் மாற்றாமல் நானாவின் கடைக்குப் போனார். நெடுநேரம் கழித்துத்தான் திரும்பினார்.

அந்த மாதக் கடைசியில் மாமா வெளிநாடு போய்விட்டார். இப்போது அவருக்குத் தலை நரைத்து, இரண்டு பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். சுடுவதற்கு எங்கே பழகினீர்கள் என்று எங்கள் குடும்பத்தில் யாரும் அவரைக் கேட்டதில்லை. ஊரில் கவணால் மாங்காய் அடித்த கையாகவும் இருக்கலாம். பழைய ரீவியின் முன்னால் இருந்து அவரைப் போல எல்லாவற்றையும் தவறவிடச் சில நேரம் முயல்வேன். கை தானாக வாத்தின் பின்னால் போய்விடுகிறது.

அந்த வீட்டுக்குள் வந்த பொலிஸ்காரர்களில் ஒருவருக்காவது தமிழ் தெரிந்திருந்தால், மாமாவோடு நானாவையும் ஜீப்பில் ஏற்றியிருப்பார்கள். அவர்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று நானாவுக்கும் தெரியாது. அதை யோசிக்க அவருக்குக் கிடைத்தது என்னைப் பார்த்த அந்த ஒரு பார்வை நேரம்தான். வீட்டில் அவருக்கு ஐந்து பிள்ளைகள்.

எனக்கு அன்று தெரிந்ததெல்லாம், அவர் என் மாமாவைப் பற்றிப் பொய் சொன்னார் என்பது மட்டுமே. காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்க நானாவின் கடைக்கு அனுப்பினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பேன். நானா பாணைச் சுற்றித் தந்து, மேலே ஒரு டொபி வைத்து, “இன்னம் கோவமா மகன்?” என்பார். பாணை மட்டும் எடுத்துக்கொண்டு வருவேன். பொய் சொல்கிறவர் தரும் டொபியைத் தின்னக்கூடாது என்று நினைத்திருந்தேன்.